மேற்கைத் தோல் தொங்கல்: 118 கிலோவிலிருந்து 70க்கு இறங்கியவருக்கு என்ன வழி?

தோட்டத்து_மிஸ்ஸி
வணக்கம், தோட்டக் கிளினிக் மிஸ்ஸி (நர்ஸ்) பேசுகிறேன். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கும் அக்கா ஒருவருக்காகக் கேட்கிறேன். வயது 43, உயரம் 158 செ.மீ. இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷன் செய்து 20 மாதம் ஆகிறது. 118 கிலோ இருந்தவர் 70க்கு வந்து, 7 மாதமாக அதிலேயே நிற்கிறார். முன்பு இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) இருந்தது. இப்போது மாத்திரை இல்லாமலே எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) 6.1. கையை விரித்தால் தோல் நன்றாகத் தொங்குகிறது, கக்கத்தில் அடிக்கடி சிவந்து புண்ணாகிறது. டவுனில் ஒரு அழகு நிலையம் ‘ஆர்எஃப்’ (ரேடியோ அலையால் தோலைச் சூடாக்கி இறுக்குவது) பத்து தடவைக்கு பாக்கேஜ் சொல்லி முன்பணம் கேட்கிறது. கட்டலாமா?

ஊசிநூல்
முதலில் அளந்து பாருங்கள் மிஸ்ஸி, பணப் பேச்சு பிறகு. நின்றபடி மேற்கையைத் தோள் மட்டத்துக்குப் பக்கவாட்டில் நீட்டி, முழங்கையை 90 பாகை மடக்கச் சொல்லுங்கள். உள்பக்கம் இருதலைத் தசைக்கு (பைசெப்ஸ்) கீழே ஒரு பள்ளம் தெரியும். அதிலிருந்து தொங்கலின் அடி விளிம்பு வரை நாடாவால் அளக்க வேண்டும். கக்கத்துக்கும் முழங்கைக்கும் நடுவில் ஓர் அளவு, கக்கத்தை ஒட்டி ஓர் அளவு, இரண்டு கையிலும். இரண்டு கையும் ஒரே அளவாக இருப்பது அபூர்வம்.

அடுத்து, தொங்குவதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துப் பாருங்கள். கெட்டியாக, தடித்துப் பிடிபட்டால் உள்ளே கொழுப்பு மிச்சம் இருக்கிறது. துணி மாதிரி மெல்லிசாக வந்தால் வெறும் தோல். வைத்தியம் இந்த இடத்திலேயே பிரிந்துவிடும். இரண்டு கேள்விக்கும் பதில் போடுங்கள்.

தோட்டத்து_மிஸ்ஸி
வலது கை நடுவில் 9 செ.மீ., கக்கத்தை ஒட்டி 11. இடது ஒன்றரை செ.மீ. குறைவு. பிடித்தால் மெல்லிசுதான். கக்கத்துக்குக் கீழே விலாப் பக்கமும் ஒரு மடிப்பு இறங்குகிறது.

ஊசிநூல்
அப்படியென்றால் அந்த பாக்கேஜுக்கு ஒரு காசும் கட்ட வேண்டாம்.

காரணம் சொல்கிறேன். தோலை இழுத்துப் பிடிப்பவை கொல்லாஜன், எலாஸ்டின் என்ற இரண்டு நார்கள். எலாஸ்டினை உடம்பு பெரும்பாலும் சின்ன வயதோடு செய்து முடித்துவிடுகிறது. அறுந்த பிறகு பழையபடி கட்டுவதில்லை. பல வருடம் விரிந்து கிடந்து, பிறகு 40, 50 கிலோ இறங்கிய தோலில் இந்த நார்களே மெலிந்தும் சிதைந்தும் இருக்கும். ஆர்எஃப் கருவி தோலைச் சூடாக்கிக் கொல்லாஜனைச் சுருங்க வைத்து, புதிதாகக் கொஞ்சம் ஊற வைக்கிறது. உடனடிச் சுருக்கத்துக்கு உள்ளே 60 பாகை செல்சியஸ் தாண்ட வேண்டும். மேலிருந்து தேய்க்கும் கருவியில் மேல்தோல் பொசுங்காமல் இருக்க 40, 42 பாகையில் நிறுத்திவிடுவார்கள். அதனால் கிடைக்கும் இறுக்கம் சின்னது. 2, 3 செ.மீ. தளர்வு உள்ளவருக்குப் பல அமர்வுக்குப் பிறகு ‘கொஞ்சம் பரவாயில்லை’ என்று தோன்றலாம். 9 செ.மீ. தோலை எந்தச் சூடும் கரைக்காது, வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

கட்டைவிரல்
ஆர்எஃப்பை அப்படியே தள்ளிவிடாதீர்கள் அண்ணே. அது நிறமியைக் குறிவைக்காத சக்தி. நம் மாதிரி கருத்த தோலுக்கு லேசர், ஐபிஎல் (பளிச்சிடும் ஒளிச் சிகிச்சை) ஆகியவற்றைவிடக் கரும்படை விழும் ஆபத்து குறைவு. உள்ளே மெல்லிய குழாயை விட்டுச் சூடாக்கும் வகை மேலே தேய்ப்பதைவிடப் பலமானது. அதில் உள்சூடு 65, 70 வரை போகும், வெளியே 40 தாண்டாமல் கருவியே கண்காணிக்கும். நடுத்தரத் தளர்வும் கொழுப்பும் சேர்ந்து இருப்பவருக்கு லைப்போசக்ஷனோடு (கொழுப்பை உறிஞ்சி எடுப்பது) அதைச் செய்வது நியாயமான தேர்வுதான். நுண்ணூசிகளைத் தோலில் குத்திச் சூடாக்கும் ஊசிமுனை ஆர்எஃப் வேறு விஷயம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2025 அக்டோபரில் அதைப் பற்றி எச்சரித்தது: தீக்காயம், தழும்பு, கொழுப்பு கரைந்து குழி விழுதல், நரம்புச் சேதம். அழகு நிலையத்தில் செய்துகொள்ளும் காரியமே கிடையாது.

ஊசிநூல்
ஒத்துக்கொள்கிறேன். நான் சொன்னது இந்த அக்காவின் கைக்கு. இவருக்கு லைப்போசக்ஷன் மட்டும் செய்தாலும் கெடுதல்தான். மெல்லிசான தோலுக்கு அடியில் இருக்கும் கொஞ்சக் கொழுப்பையும் உறிஞ்சினால் தொங்கல் கூடும், மேற்பரப்பு மேடு பள்ளமாகும்.

செம்பனை_ராஜா
ஜிம் போனா இறுகாதா? நம்ம பசங்க எல்லாம் டிரைசெப்ஸ் அடிச்சா போதும்னு சொல்றானுங்க லா.

பிசியோ_பக்கம்
தம்பி, தசைக்கும் தோலுக்கும் உறவு தலையணைக்கும் உறைக்கும் உள்ள உறவுதான். தலையணையைக் கொஞ்சம் பெரிசாக்கலாம், உறை சின்னதாகாது. ஆனாலும் பயிற்சியை விட வேண்டாம். இரைப்பை ஆபரேஷனிலும் எடைக்குறைப்பு ஊசியிலும் கொழுப்போடு தசையும் போகிறது. பின்கையில் முத்தலைத் தசையின் (டிரைசெப்ஸ்) நீளத் தலைதான் பருமனைக் கொடுக்கிறது. கையைத் தலைக்கு மேல் தூக்கி முழங்கையை மடக்கி நீட்டும் பயிற்சியில்தான் அது நன்றாக இழுபட்டு வேலை செய்யும்.

டம்பெல் இல்லையென்றால் 5 லிட்டர் எண்ணெய்த் தோம்பில் தண்ணீர் நிரப்பினால் 5 கிலோ. முதலில் பாதி நிரப்பி இரண்டு கையாலும் பிடித்து, 10 முதல் 12 தடவை வீதம் 3 சுற்று, வாரத்துக்கு 2 அல்லது 3 நாள், நடுவில் ஒரு நாள் ஓய்வு. 12 தடவையும் சுலபமாக வந்தால் அரை லிட்டர் கூட்டுங்கள். முழங்கை வெளியே விரியக்கூடாது. விரிந்தால் பாரம் தோளுக்குப் போய்விடும், தோள்வலி அங்கேதான் ஆரம்பம். மூன்று மாதத்தில் கை உருவம் மாறும். தொங்கல் போகாது.

ஆபரேஷனுக்கு முன் தோளை முழு வீச்சில் ஆட்டப் பழகியிருப்பது முக்கியம். ஏற்கெனவே தோள் இறுகிப் போனவருக்கு, ஆபரேஷனுக்குப் பிறகு கையைத் தாழ்த்தியே வைத்திருந்தால் தோள் உறைந்துவிடும்.

தோட்டத்து_மிஸ்ஸி
சரி, ஆபரேஷன் என்றே வைத்துக்கொள்வோம். தழும்பு எங்கே வரும்? அக்கா கேட்கும் முதல் கேள்வி அதுதான். தீபாவளிக்குக் கை இல்லாத ரவிக்கை போடவா என்கிறார்.

ஊசிநூல்
அளவைப் பொறுத்தது.

தளர்வு கக்கத்தை ஒட்டி மட்டும், 5 செ.மீ.க்குள் இருந்தால் கக்க மடிப்புக்குள்ளேயே வெட்டித் தைக்கலாம். தழும்பு மறைந்துவிடும். விளம்பரத்தில் காட்டுவது இதைத்தான். அளவு மீறி இந்த முறையைச் செய்தால் தோல் மேலே மட்டும் இழுபட்டு, கையின் நடுப்பகுதி அப்படியே தொங்கும்.

5 செ.மீ. தாண்டி முழங்கை வரை தளர்ந்திருந்தால் கக்கத்திலிருந்து முழங்கை அருகே வரை நீளத் தழும்பு. விலாப் பக்கமும் மடிப்பு இருப்பதால் இந்த அக்காவுக்கு அது கக்கத்தைத் தாண்டி மார்புப் பக்கவாட்டிலும் இறங்கும். நீளக்கோட்டை இரண்டு இடத்தில் வைக்கலாம். ஒன்று, உள்கைப் பள்ளத்தில்: கையைத் தொங்கவிட்டால் உடம்போடு ஒட்டி மறைந்துவிடும், தூக்கினால் தெரியும். இன்னொன்று, பின்பக்கம்: முன்னால் நிற்பவருக்குத் தெரியாது, பின்னால் நிற்பவருக்கு நன்றாகத் தெரியும். பின்பக்கத் தோல் தடிப்பானது என்பதால் அதை விரும்பும் டாக்டர்கள் உண்டு. கண்ணாடி முன் இரண்டு கோட்டையும் பேனாவால் வரையச் சொல்லிப் பார்த்துவிட்டு அக்காவே முடிவெடுக்கட்டும். கை இல்லாத ரவிக்கை என்றால் எந்தக் கோடும் ஏதாவது ஒரு பக்கம் தெரியத்தான் செய்யும். தொங்கலுக்குப் பதில் தழும்பு. அந்த மாற்று பிடிக்கவில்லையென்றால் ஆபரேஷன் வேண்டாம்.

கக்கத்தைத் தாண்டும் இடத்தில் கோடு நேராகப் போகக்கூடாது. நேராகத் தைத்தால் ஆறும்போது கயிறு போல் இழுத்துக் கையைத் தூக்க விடாது. அங்கே இசட் வடிவிலோ வளைத்தோ உடைத்துத் தைப்பார்கள். ‘கக்கத்தில் எப்படித் திருப்புவீர்கள்’ என்று டாக்டரிடம் கேளுங்கள். வரைந்து காட்டத் தெரிந்தவர் இந்த வேலையில் பழகியவர்.

மயக்கமருந்து_மாமி
அறைக்குள் நடப்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். முழு மயக்கம், இரண்டிலிருந்து மூன்று மணி நேரம். குறி போடுவது முந்தியே, நின்ற நிலையில். படுத்துவிட்டால் தோல் இடம் மாறிவிடும். திறமையான கை மொத்தத் தோலையும் ஒரே வெட்டில் எடுக்காது. கொஞ்சம் வெட்டி அந்தத் துண்டை உடனே மூடி, பிறகு அடுத்த துண்டுக்குப் போவார்கள். திறந்து வைத்த கை நிமிடத்துக்கு நிமிடம் வீங்கும். எல்லாவற்றையும் முதலிலேயே எடுத்துவிட்டால் கடைசியில் விளிம்புகள் சேராது. இழுத்துச் சேர்த்தால் கை நெரியும், தையல் பிளக்கும்.

நரம்பு விஷயம் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். முன்கையின் உள்பக்கத்துக்கு உணர்வு தரும் நரம்பு, முழங்கையின் உள் எலும்பு முனைக்குச் சுமார் 14 செ.மீ. மேலே தசையை மூடிய ஆழச் சவ்வைத் துளைத்துக்கொண்டு மேலே வருகிறது. சிலருக்கு இன்னும் கீழே, சிலருக்கு மேலே. பெரிய சிரை ஒன்று கூடவே ஓடும். சவ்வின் மேல் ஒரு செ.மீ. அளவு கொழுப்பை விட்டுவிட்டு வெட்டுவது இதைக் காப்பாற்றத்தான். இழுபட்டால் சில மாதம் மரத்துப்போய்த் தெளியும். அறுந்தால் நிரந்தர மரப்பு, சிலருக்கு எரிச்சல் வலி.

எடைக்குறைப்பு ஊசி போடுகிறவர் அதை மயக்க மருந்து டாக்டரிடம் மறைக்கவே கூடாது. அந்த மருந்து இரைப்பையை மெதுவாகக் காலி செய்கிறது. இரவு முழுக்கப் பட்டினி கிடந்தும் உள்ளே சாப்பாடு இருக்கலாம், மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போகலாம். ஊசியை எப்போது நிறுத்துவது, ஆபரேஷனுக்கு முந்தின நாள் கஞ்சித் தண்ணீரோடு நிற்பதா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

தோட்டத்து_மிஸ்ஸி
70 கிலோவில் செய்யலாமா, இன்னும் இறங்கணுமா?

மயக்கமருந்து_மாமி
பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 28 வருகிறது. 30க்குக் கீழே என்பதால் பெரும்பாலோர் ஏற்பார்கள். எடை எண்ணைவிட அது நிற்கிறதா என்பதுதான் முக்கியம். இரைப்பை ஆபரேஷனுக்குப் பின் ஒன்று, ஒன்றரை வருடம் தாண்டியிருக்க வேண்டும், கடைசி 3 முதல் 6 மாதம் எடை அசையாமல் இருக்க வேண்டும். அக்காவுக்கு இரண்டும் சரி. இன்னும் 10 கிலோ இறங்கப் போகிறவர் இப்போது செய்தால் மறுபடி தொங்கும்.

ஒரு வார்த்தை. மார்புப் புற்றுக்காகக் கக்கத்து நிணநீர் முடிச்சுகளை எடுத்தவர்களுக்கு அந்தப் பக்கம் இந்த ஆபரேஷன் ஏறக்குறைய வேண்டாம் என்றே சொல்வோம். கை நிரந்தரமாக வீங்கிப் போகும் ஆபத்து அதிகம்.

அவிச்ச_முட்டை
இரத்தப் பரிசோதனையை யாரும் எழுதவில்லையே. இரைப்பை சுருங்கியவருக்கு ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பு), பி12, ஃபோலேட், வைட்டமின் டி, துத்தநாகம், அல்புமின் (இரத்தப் புரதம்) எல்லாம் பார்க்க வேண்டும். தையல் பிளப்பதற்குப் பாதிக் காரணம் தட்டில்தான் இருக்கும்.

ஆபரேஷனுக்கு ஆறு வாரம் முன்பிருந்தே ஒரு நாளைக்கு 70 முதல் 100 கிராம் புரதம். சின்ன இரைப்பையில் ஒரே வேளையில் ஏறாது, ஐந்தாறாகப் பிரியுங்கள். ஒரு முட்டையில் 6 கிராம். சமைத்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் 30. கெம்போங் மீன் (கானாங்கெளுத்தி) 100 கிராமில் 20 பக்கம். தெம்பே (புளிக்க வைத்த சோயா) 100 கிராமில் 19 பக்கம், விலையும் மலிவு. முதலில் புரதம், சோறு கடைசியில். மைலோவும் ரொட்டி சானாயும் எண்ணிக்கையில் சேராது! கிட்னிக் கோளாறு உள்ளவர்கள் இந்த அளவைத் தாங்களாக எடுக்க வேண்டாம்.

சிகரெட், வேப் இரண்டும் முன்னே நான்கு வாரம், பின்னே நான்கு வாரம் நிறுத்த வேண்டும். நிக்கோட்டின் சிறு இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, இழுத்துத் தைத்த விளிம்பு கருகுவது அதனால்தான்.

கட்டைவிரல்
யாரிடம் செய்வது என்பதையும் பேசுவோம். அழகு நிலையத்துக்கு ஊசி போடவோ கத்தி வைக்கவோ சட்டத்தில் இடமில்லை. 2020இல் கோலாலம்பூரில் ஓர் அழகு நிலையத்தில் கைக்கொழுப்பு உறிஞ்சிக்கொள்ளப் போன 23 வயதுப் பெண் இறந்தது செய்தியில் வந்ததே. சுகாதார அமைச்சின் எல்சிபி சான்று (அழகுச் சிகிச்சைக்கான அனுமதி) உள்ள பொது டாக்டர், அந்தச் சான்றில் எழுதியிருக்கும் சின்னச் சிகிச்சைகளை மட்டும் செய்யலாம். கைத்தோல் வெட்டுவது பிளாஸ்டிக் சர்ஜன் வேலை. தேசிய நிபுணர் பதிவேட்டில் பெயரைத் தட்டினால் எந்தத் துறை நிபுணர் என்று வரும், மலேசிய மருத்துவ மன்றத்தின் பக்கத்தில் இந்த வருடச் சான்று இருக்கிறதா என்றும் பார்க்கலாம். இரண்டு நிமிட வேலை.

விலை கேட்கும்போது உடைத்துக் கேளுங்கள்: சர்ஜன் கட்டணம், மயக்க மருந்து டாக்டர், அறை, வார்டு, இறுக்குச் சட்டை (ஆபரேஷனுக்குப் பிறகு வீக்கம் அடங்கப் போடுவது), மறு பார்வை, தையல் பிளந்தால் சரிசெய்வது யார் செலவு. மொத்தமாக ஒரே எண் சொன்னால் எழுதி வாங்காமல் நகராதீர்கள். அழகுச் சிகிச்சை என்று எழுதினால் இன்சூரன்ஸ் கொடுக்காது. கேவேஸ்பியில் (ஊழியர் சேமநிதி) 2024 மே மாதம் வந்த ஃபிளெக்சிபெல் கணக்கிலிருந்து எடுக்கிறார்கள். எடுக்கலாம்தான், ஆனால் மறு ஆபரேஷனுக்கும் ஒரு பங்கு ஒதுக்கிவிட்டு எடுங்கள். இந்த ஆபரேஷனில் தழும்பைத் திருத்த இரண்டாம் முறை படுப்பது அபூர்வமில்லை.

கக்கப் புண்ணை முதலில் அரசாங்கக் கிளினிக்கில் காட்டி அட்டையில் எழுத வையுங்கள். அரசாங்க மருத்துவமனைக்கு மேல்சிபாரிசு போக ‘அசிங்கமாக இருக்கிறது’ என்பது உதவாது, ‘திரும்பத் திரும்பப் புண்’ என்பது உதவலாம். வரிசை நீளம், அதையும் அக்காவிடம் சொல்லிவிடுங்கள்.

ஊசிநூல்
அந்தப் புண்ணோடு யாரும் கத்தி வைக்க மாட்டார்கள், அதை முதலில் ஆற்றுங்கள். நம்ம வெயில், வியர்வை, மடிப்பு மூன்றும் சேர்ந்தால் காளான் கிருமிக்குக் கொண்டாட்டம். கழுவி ஒற்றி உலர்த்தி, 1 சதவீத குளோட்ரிமசோல் களிம்பை மெல்லிசாக, காலை மாலை. சிவப்பு போன பிறகும் இரண்டு வாரம் விடாமல் போட வேண்டும், மூன்றாம் நாளே நிறுத்துவதால்தான் திரும்ப வருகிறது. கடையில் கிடைக்கும் ஸ்டீராய்டு கலந்த ‘எல்லாத்துக்கும்’ களிம்பு வேண்டாம். அரிப்பு அடங்கும், படை பரவும், தோல் இன்னும் மெலியும்.

செம்பனை_ராஜா
முடிச்சிட்டு எப்ப வேலைக்குப் போகலாம்? பழ மூட்டை லேசா இருக்காதே.

பிசியோ_பக்கம்
மேசை வேலை என்றால் இரண்டு வாரம். அக்காவின் வேலைக்கு அது பொருந்தாது. 6 வாரம் வரை 2, 3 கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது, முதல் 3 வாரம் முழங்கை தோளுக்கு மேல் போகக்கூடாது. குனிந்து பொறுக்குவது 6 வாரத்துக்குப் பிறகு, மூட்டை தோளேற்றுவது 8 முதல் 12 வாரத்தில், படிப்படியாக. நீளக்கம்பில் அரிவாள் பிடித்துக் குலை வெட்டுகிறவர் என்றால் 12 வாரம் பொறுக்கணும். தைப்பூசத்துக்குப் பால்குடம் நேர்ந்திருந்தால் தேதியை எண்ணிப் பார்த்துவிட்டு ஆபரேஷன் நாளைக் குறியுங்கள். ஈப்போ கல்லுமலைக் கோயில் வரை இரண்டு கையையும் தூக்கியபடி நடப்பது லேசான பாரமில்லை.

முதல் வாரம் முழுக்கத் தூங்கும்போது பக்கத்துக்கு இரண்டு தலையணை: முழங்கை நெஞ்சைவிட உயரம், கை முழங்கையைவிட உயரம். விழித்திருக்கும்போது மணிக்கு ஒருதரம் விரலை மூடித் திற, 20 தடவை. முதல் நாளிலிருந்தே நடக்க வேண்டும். முன்பக்கம் பொத்தான் வைத்த தொளதொளச் சட்டை மூன்று நாலு வாங்கி வையுங்கள், தலைவழியாகப் போடுவது நடக்காது.

வயிற்றுத் தோலையும் சேர்த்துச் செய்துவிடலாமா என்று சிலர் கேட்பார்கள். வயிறு வெட்டியவர் கட்டிலிலிருந்து எழ இரண்டு கையையும் ஊன்ற வேண்டும், கை வெட்டியவருக்கு அதுதான் கூடாது. வீட்டில் இரவும் பகலும் தூக்கிவிட ஆள் இல்லையென்றால் சேர்க்காதீர்கள்.

தோட்டத்து_மிஸ்ஸி
வீட்டுக்கு அனுப்பிய பிறகு எங்கள் கிளினிக்கில் எதைப் பார்த்து பயப்பட வேண்டும்?

மயக்கமருந்து_மாமி
ஒரு கை மட்டும் திடீரென்று கெட்டியாக வீங்கி வலி ஏறினால் உள்ளே இரத்தம் கட்டுகிறது. முதல் இரண்டு நாளில் வரும், அன்றே அனுப்புங்கள். விரல் நீலம், ஜில்லென்று ஆனால் உடனே இறுக்குச் சட்டையைக் கழற்றிவிட்டு அனுப்புங்கள். 38க்கு மேல் காய்ச்சல், சிவப்பு பரவுதல், நாற்றமுள்ள சீழ் இருந்தாலும் அனுப்புங்கள். கெண்டைக்கால் வலி அல்லது மூச்சுத் திணறல் என்றால் 999.

இரண்டாம் வாரத்தில் முழங்கை அருகே தண்ணீர்ப் பை போல் தளும்பினால் நீர்க்கோர்ப்பு. சர்ஜன் ஊசியால் உறிஞ்சுவார், இரண்டு மூன்று தடவை தேவைப்படும். நீங்கள் குத்த வேண்டாம். கக்கத்தில் கோடு திரும்பும் மூலையில் விரல்நுனி அளவு பிளப்பது சகஜம். உப்பு நீரில் கழுவிச் சுத்தமான கட்டு மாற்றினால் உள்ளிருந்து நிறைந்து வரும். மினியாக் காயு புத்தே (தைல எண்ணெய்), மஞ்சள், உருட்டு (உருவிவிடுவது) எதுவும் ஆறு வாரத்துக்குக் கிட்டே வரக்கூடாது.

கட்டைவிரல்
தழும்பு பற்றிக் கடைசியாக. நம் தோலில் தடித்து மேடாவதும் கருப்பதும் அதிகம். காதிலோ நெஞ்சிலோ கெலாய்டு (காயத்தைத் தாண்டி வளரும் தழும்பு) வந்தவர் என்றால் முன்பே சொல்ல வேண்டும். காயம் முழுசாக மூடிய பிறகு, ஏறக்குறைய மூன்றாம் வாரத்திலிருந்து சிலிக்கான் தாள், நாளுக்கு 12 மணி நேரத்துக்குக் குறையாமல், மூன்று மாதமாவது. வேர்வையில் வழுக்கினால் பகலில் சிலிக்கான் ஜெல் மெல்லிசாகப் பூசிக் காயவிட்டு, இரவில் தாள். தடிக்க ஆரம்பித்தால் காத்திருக்காமல் டிரையம்சினலோன் ஊசிக்குப் (தழும்பை அடக்கும் ஸ்டீராய்டு) போங்கள், 4 முதல் 6 வார இடைவெளியில் போடுவார்கள். சிவப்பு அடங்க ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஆகும். அதுவரை நீளக்கை சட்டை, வெளியே தெரியும் இடத்தில் எஸ்பிஎஃப் 30 வெயில் காப்புக் களிம்பு.

தோட்டத்து_மிஸ்ஸி
அக்காவிடம் எல்லாம் படித்துக் காட்டினேன். அழகு நிலையத்துக்கு வேண்டாமென்று சொல்லிவிட்டார், முதலில் புண்ணை ஆற்றட்டும் என்கிறார். இறுக்குச் சட்டை ஒன்று போதுமா? ஆன்லைனில் இப்போதே வாங்கலாமா?

பிசியோ_பக்கம்
இரண்டு வேண்டும் மிஸ்ஸி. 4 முதல் 6 வாரம் இரவு பகலாகப் போடணும், இந்தப் புழுக்கத்தில் தினம் துவைக்காமல் முடியாது. இப்போது வாங்காதீர்கள், இன்றைய கைக்கு எடுத்த அளவு வெட்டிய கைக்குச் சேராது. ஆஸ்பத்திரியில் கொடுக்கும் முதல் ஜோடியை வீக்கத்தோடு போட்டுவிடுவார்கள். மூன்றாம் வாரம் வீக்கம் இறங்கியதும் மணிக்கட்டு, முழங்கைக்குக் கீழே, மேற்கை நடு, கக்கத்தை ஒட்டி என்று நான்கு இடத்தில் காலையில் அளந்து இரண்டாவதை வாங்குங்கள். மணிக்கட்டு வரை வரும் நீளமே நல்லது. முழங்கையோடு நிற்கும் குட்டையானது கீழே நீரைக் கட்டி முன்கையை வீங்க வைக்கும். கக்க விளிம்பு சுருண்டு தையலை அறுத்தால் உள்ளே மெல்லிய பருத்தித் துணி மடித்து வையுங்கள். துவைக்கும்போது சாஃப்லான் (துணியை மென்மையாக்கும் திரவம்) போட வேண்டாம், இழுவை செத்துவிடும்.